பத்தொன்பதாம் பிரேம்

வாலிநோக்கத்தில் நாலரைக்கே
பாத்தியில் கால் வைத்துவிடுகிறார்கள்.
வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும் அவர்களுக்கு.
எனக்கோ வெளிச்சம் வேண்டும்.
நானூறு வேகப் பிலிமை
ஆயிரத்து அறுநூறு என்று
கேமராவிடம் பொய் சொல்லிப் போட்டேன்.

பொய்க்குக் கூலி உண்டு.
கழுவும்போது நேரத்தைக் கூட்ட வேண்டும்,
கூட்டினால் பரல் பருக்கும்.
குழாய்த்தண்ணீரோ முப்பத்திரண்டு டிகிரி.
ஏர்வாடி முக்கு ஐஸ் கம்பெனியில்
சாளைப் பெட்டிக்கு உடைத்ததில் ஒரு துண்டு வாங்கி
வாளியில் மிதக்கவிட்டு
இருபதுக்கு இறக்கினேன்.
பதினான்கு நிமிஷமும்
அறையெல்லாம் மீன் வாசம்.

பிலிமில் இருப்பதும் உப்புதான், வெள்ளியின் உப்பு,
வெயில் பட்டால் கறுக்கும்
என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னபோது
'இங்க எல்லாமே அப்படித்தான்' என்றாள்,
பலகையை நிறுத்தாமல்.

கீழக்கரையில் நெய்னாவுக்குக் கல்யாண ஆல்பக் கடை.
பின்னறையில்
மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்கேனர்.
முதலில் ஷார்ப்பனை அணைக்கச் சொன்னேன்.
அது முகத்தைத் தீட்டாது,
பரலுக்குப் பல் வைக்கும்.
இரண்டாயிரத்து நானூறில் ஒருமுறை இழுத்தான்:
நெகட்டிவில் இல்லாத மணலும் சேர்ந்து
வானத்திலிருந்து கொட்டியது.
நாலாயிரத்தில் பரல்
தன் அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்தது.
'பைல் பெருசாகுதுண்ணே' என்று முனகினான்.
ஆகட்டும்.

அப்புறம் நூறு சதவீதத்தில் பெரிதாக்கி
மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தோம்.
அது ஒரு வியாதி.
யாரும் உப்பைக்
கல் கல்லாய் எண்ணிச் சாப்பிடுவதில்லை.

பொறுக்காமல் நெய்னா
ஒரு கோலை வலப்பக்கம் தள்ளினான்.
வானம் கழுவிய பீங்கான்.
பாத்தித் தண்ணீர் கண்ணாடி.
பஞ்சவர்ணத்தின் கன்னம்
தேய்ந்த சோப்பு.
சண்டை வேண்டாமென்று
இரண்டையும் அச்சடித்தோம்,
தபால் அட்டை அளவில்.

கரகரத்ததை முதலில் கொடுத்தேன்.
முந்தானையால் துடைத்தாள்.
திருப்பிப் பார்த்து, மறுபடி துடைத்தாள்.
'மூஞ்சில உப்பு ஒட்டிக் கிடக்கு.'
அன்றைக்கு அவள் கன்னத்தில் நிஜமாகவே உப்பு இருந்தது.
எது அவளுடையது, எது என் பொய்யின் கூலி,
பிலிமுக்கே தெரியாது.
பேசாமல் நின்றேன்.

இரண்டாவதை வாங்கிக்
கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள்.
'பின்னால வரப்புல எங்க வீட்டுக்காரர் நின்னாரே?'

முதல் படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன்.
குவியலுக்கு அப்பால்
ஒன்றரைப் புள்ளி.
தூசி என்று நான் ஒதுக்கியது.
பரல் என்று மெஷின் தின்றது.

'மெஷின் அழிச்சிருச்சு' என்றேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.
'சம்பளத்தன்னைக்கு வேலை செய்யுமா
அந்த மெஷினு?'

பக்கத்துப் பாத்தி வரைக்கும் சிரிப்பு போயிற்று.
வழவழத்ததே போதும் என்றாள்,
திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப.
உப்பைத்தான் தினமும் பார்க்கிறாளே.
லாரி மறைவு வரை போனவள் திரும்பி வந்து
மற்றதையும் கேட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தூக்குவாளி மூடிக்கு அடியில்
எது மேலே எது கீழே என்று பார்க்காமல்
இரண்டையும் செருகிக்கொண்டாள்.

அடுத்த ரோலை நியாயமாக எடுப்பதென்று
நானூறை இருநூறாய் வைத்து
பத்து மணிக்குப் போனேன்.
கொட்டிக் கிடந்தது வெளிச்சம்.
குவியல்களுக்கு ஓலை போர்த்தியிருந்தது.
சேற்றில் கால் தடம், ஒரு கிழிந்த காலுறை.
வானம் அவ்வளவு வழவழப்பாக
எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.
பாத்தியில் ஒருவரும் இல்லை.

ராத்திரி
மறுபடி நாலுக்கு
அலாரம் வைத்தேன்.